ஒரு டாலர் ஒப்பந்தம்

1970-ஆம் வருஷத்தில் ஓர் அமெரிக்க டாலர் என்பது நம் நாட்டுக் காசில் ஏழரை ரூபாய். அந்த வருஷம் செப்டம்பர் மாதம் 23-ஆம் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரத்தில், ஸ்ரீமதி கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற பத்திரிகாசிரியை, உலகத்தின் முதல் வரிசை டென்னிஸ் ஆட்டக்காரிகளில் எட்டுப் பேரைத் தலைக்கு ஒரு டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார். பிறகு ஒன்பதாவது ஆளாக அவருடைய மகள் ஜூலியும் சேர்ந்தார். அப்போது எடுத்த புகைப்படம் ஒன்று மிகப் பிரசித்தம். பெண்கள் ஆளுக்கொரு டாலர் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். லாட்டரியில் லட்சம் டாலர் விழுந்தவர்களைப் போன்ற சிரிப்பு! படத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது தலைகள் சரியாக இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்று பத்திரிகாசிரியையின் தலை. படம் எடுத்த சமயம் ஜூலி அங்கே இல்லை.

"ஏழரை ரூபாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நோட்டின் மதிப்புத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தில் எனக்கு உள்ள பாண்டித்தியம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவனின் பாண்டித்தியந்தான். ஆயினும் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு நல்ல கதையை மோப்பம் பிடிக்கத் தெரியும். இது நல்ல கதை.

விம்பிள்டனில் பெண்களுக்கு முதன்முதல் பந்தயம் வைத்தது 1884-ஆம் வருஷம். பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். இறுதி ஆட்டத்தில் மாட் வாட்ஸன் என்ற பெண் தன் சொந்த அக்காளையே ஜெயித்தாள். பரிசு என்ன தெரியுமா? இருபது கினி பெறுமானமுள்ள ஒரு வெள்ளிப் பூக்கூடை. வெகு அழகான பரிசு, சந்தேகமில்லை. ஆனால் பூக்கூடையைக் கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டிய அவசியம் உள்ளவர்கள் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்பதுதான் அந்தக் காலத்துக் கனவான்களின் கொள்கை. அதற்கு 'அமெச்சூர்' தர்மம் என்று பெயர். இந்த வார்த்தை நமக்கும் புதிதல்ல. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக மேடை ஏறினால் அமெச்சூர் நாடக சபை; வயிற்றுப் பாட்டுக்காக அதே ராஜபார்ட் வேஷம் கட்டினால் கூத்தாடி. டென்னிஸிலும் அதே ஜாதி வித்தியாசம் எண்பது வருஷத்துக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது.

இந்தத் தர்மத்தை முதலில் உதறிய பெரிய ஆட்டக்காரி ஸூஸான் லாங்லென். பிரெஞ்சுக்காரி. 1919-லிருந்து 1925-க்குள் விம்பிள்டன் பட்டத்தை ஆறு தடவை வென்றவர். ஆட்டத்தின் நடுவே பிராந்தி ஒரு வாய் அருந்துவார்; ரோமக் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருவார்; தலையில் பட்டுத் துணியை ஒரு விதமாகச் சுற்றிக் கட்டுவார். அவர் கட்டினார் என்பதற்காக ஐரோப்பா முழுவதும் யுவதிகள் அவ்விதமே கட்டிக்கொண்டார்கள். 1926-இல் விம்பிள்டனில் ஆட்ட நேரத்தைப் பற்றி ஏற்பட்ட ஒரு குழப்பத்தில், மேரி ராணியைக் காக்க வைத்துவிட்டார் என்று பெரிய ரகளையாகிவிட்டது. அந்தப் பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டார். அதே வருஷம் பைல் என்ற அமெரிக்க வியாபாரி ஐம்பதினாயிரம் டாலர் தருகிறேன் என்று அழைக்கவே, தொழில் ஆட்டக்காரியாகிக் கப்பல் ஏறினார். தன் ஆட்டத்தைக் காட்டி மற்றவர்கள் பணப்பெட்டியை நிரப்பிக்கொண்டார்கள், தனக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அவருடைய ஆத்திரம். அந்த ஆத்திரம் முற்றிலும் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1926 அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க் மாடிஸன் ஸ்குயர் கார்டனில் முதல் ஆட்டம். எதிரி மேரி பிரௌன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் சாம்பியனாக இருந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது. லாங்லென் 6-1, 6-1 என்று ஜெயித்தார். அடுத்த ஊரிலும் அவரே ஜெயித்தார். அதற்கு அடுத்த ஊரிலும் அவரே. அமெரிக்கா முழுவதும் சுற்றி முப்பத்தெட்டு ஆட்டங்கள், முப்பத்தெட்டிலும் வெற்றி!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு என்றால் அது பந்தயமா? ராணி ஊர்வலம் வருகிறார், ஜனங்கள் காசு கொடுத்துத் தரிசனம் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு தடவை தரிசனம் ஆனபிறகு மறுபடி எதற்காக வரவேண்டும்? மறு வருஷம் பைல் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார். அமெச்சூர் பந்தயங்களின் கதவும் லாங்லெனுக்கு அடைபட்டுப் போயிற்று. 1938-இல் முப்பத்தொன்பதாவது வயதில் அவர் காலமானார்.

பின்னால் வந்தவர்களின் கதியும் ஏறக்குறைய இதுவே. 1941-இல் ஆலிஸ் மார்பிள் ஒரு சுற்றுப்பயணம் போனார். 1947-இல் பாலின் பெட்ஸ் என்ற விம்பிள்டன் சாம்பியனை அமெரிக்க டென்னிஸ் சங்கம் தள்ளி வைத்தது. என்ன குற்றம்? தொழில் ஆட்டத்துக்குப் போகலாமா என்று யோசித்த குற்றம்! பணம் வாங்கக்கூட இல்லை, யோசனைதான் நடந்தது. சரி, தள்ளி வைத்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தொழிலுக்கே போய்விட்டார். 1950-இல் பாபி ரிக்ஸ் என்ற பழைய விம்பிள்டன் வீரர் ஒரு கோஷ்டி சேர்த்தார். ஆண்களில் பெரிய நட்சத்திரம் ஜாக் கிரேமர். பெண்களில் பெட்ஸும் கஸ்ஸி மொரானும். கஸ்ஸி மொரான் அதற்கு முந்திய வருஷம் விம்பிள்டனில் பாவாடைக்கு அடியில் லேஸ் வைத்த உடுப்பு அணிந்து ஆடி உலகப் பத்திரிகைகளையெல்லாம் கலக்கியவர். ஜனங்கள் பார்க்க வந்தது கஸ்ஸியை. பந்தை அடித்தது பெட்ஸ். கஸ்ஸி ஊருக்கு ஊர் ஒரே அடியாகத் தோற்கவே, ரிக்ஸ் பெட்ஸிடம், "கொஞ்சம் பார்த்து ஆடக்கூடாதா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. கிரேமர், ரிக்ஸ் ஆகிய இரண்டு பெயர்களையும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதையில் மறுபடி வருவார்கள்.

எல்லோரையும்விட என் மனத்தை வருத்துவது ஆல்தியா கிப்ஸனின் வரலாறு. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வளர்ந்த நீக்ரோப் பெண் என்று அந்நாளில் எழுதினார்கள். கறுப்பினப் பெண் என்று இந்நாளில் எழுதுகிறோம். 1955-56-இல் அமெரிக்க அரசாங்கத்தின் நல்லெண்ணத் தூதுக் கோஷ்டியில் ஒருவராக இந்தியா, இலங்கை, பர்மா பக்கமெல்லாம் வந்து ஆடிவிட்டுப் போனவர். 1957-லும் 1958-லும் விம்பிள்டன் பட்டம். எலிஸபெத் ராணி கையால் பரிசு. நியூயார்க் வீதிகளில் காகிதப் பூமாரி பொழிய ஊர்வலம். இவ்வளவும் ஆன பிறகு பார்த்தால் கையில் காசில்லை. 1960-இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கூடைப்பந்துக் கோஷ்டி ஊர் ஊராக வேடிக்கை ஆட்டம் நடத்தும்; அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஜனங்கள் வந்து உட்காருகிற நேரத்தில், கூடைப்பந்துத் தரையில் வலையைக் கட்டி, காரல் பேகரோஸ் என்ற தோழியுடன் டென்னிஸ் ஆடிக் காட்டினார். உலகத்தின் முதல் ஆட்டக்காரி கூடைப்பந்துக்கு முன்னால் ஒரு தெருக்கூத்துக் கட்டியங்காரன்! கோல்ப் ஆடப் போனார், பாடினார், சினிமாவில்கூட நடித்தார். வயோதிகத்தில் நோயும் வறுமையும் வந்தபோது, முன்னாளில் அவரோடு ஜோடி சேர்ந்து விம்பிள்டன் வென்ற ஆஞ்செலா பக்ஸ்டன் பணம் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

லாங்லெனுக்கும் கிப்ஸனுக்கும் திறமையில் குறைவா? இல்லை. தைரியத்தில் குறைவா? அதுவும் இல்லை. அவர்களோடு சேர்ந்து ஆடித் தோற்பதற்குப் போதுமான ஆட்கள் இல்லை என்பதுதான் குறை. ஒரு பந்தயம் என்றால் முதல் சுற்று, கால் இறுதி, அரை இறுதி என்று வேண்டும். யார் ஜெயிப்பார் என்று நிச்சயமாகத் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சுற்றில் தோற்றவள் அடுத்த ஊருக்கு ரயில் டிக்கெட் வாங்கக் கையில் காசு இருக்க வேண்டும். அது இல்லையேல் ராணி மட்டும் என்ன செய்வாள்?

1968-இல் டென்னிஸ் உலகம் ஒரு வழியாகக் கண்ணைத் திறந்து, தொழில் ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களும் ஒரே பந்தயத்தில் ஆடலாம் என்று அனுமதித்தது. ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் போர்ன்மத் என்னும் கடற்கரை ஊரில் முதல் பந்தயம். பெண்களில் வர்ஜீனியா வேட் ஜெயித்தார். முந்நூறு பவுன் பரிசு. அவர் இன்னும் அமெச்சூர் ஆகையால் அதைத் தொட முடியவில்லை! அடுத்து விம்பிள்டனில் ராட் லேவருக்கு 2,000 பவுன், பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன். சரி, ஆரம்பம் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று பெண்கள் எண்ணினார்கள். போகப் போக மோசமாயிற்று. 1970-இல் ரோமாபுரியில் நஸ்டாஸேக்கு 3,500 டாலர். பெண்களில் ஜெயித்த பில்லி ஜீனுக்கு 600. அதே வருஷம் பாரஸ்ட் ஹில்ஸில் ரோஸ்வாலுக்கு 20,000. மார்கரெட் கோர்ட்டுக்கு 7,500. இத்தனைக்கும் அந்த வெற்றியுடன் கோர்ட் ஒரே வருஷத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வாரிக்கொண்டு போயிருந்தார். பணம் இருந்த காலத்தைவிடப் பணம் இல்லாத காலமே பெண்களுக்குச் சமத்துவமான காலம் போலும்! இருவருக்கும் ஒன்றுமில்லை என்பதில் வித்தியாசம் இல்லை அல்லவா?

பாரஸ்ட் ஹில்ஸ் சமயத்தில்தான் அடுத்த செய்தி வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் பந்தயத்தில் ஆண்களின் முதல் பரிசு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. கால் இறுதிக்கு வராத பெண்ணுக்கு ஒரு செம்புக் காசும் கிடையாது. அந்தப் பந்தயத்தை நடத்தியவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் ஜாக் கிரேமர்! ஜனங்கள் ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்கவே வருகிறார்கள் என்பது அவர் கட்சி. அவர் துர்த்தர் அல்ல. தொழில் ஆட்டத்துக்காகவே தம் வாழ்நாளில் பாதியைச் செலவழித்தவர். பெண்களை ஒரு சர்க்கஸ் கூடாரத்தின் முன் அயிட்டமாகவே பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. கஸ்ஸி மொரான் கோஷ்டியில் கற்ற பாடம் அது.

பில்லி ஜீன் கிங், ரோஸி காஸல்ஸ் முதலியவர்கள் நேரே கிளாடிஸ் ஹெல்ட்மனிடம் போனார்கள். இந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு நாவலே எழுதலாம். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகுதான் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். 1954-இல் விம்பிள்டனில் ஆடி, ஒரு கேம்கூட எடுக்காமல் முதல் சுற்றிலேயே தோற்றார். 1953-இல் 'உலக டென்னிஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். 1962-இல் அமெரிக்கப் பந்தயத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரவில்லை என்று கேட்டதும், ஆகாய விமானத்தை வாடகைக்கு அமர்த்தி எண்பத்தைந்து பேரைக் கொண்டுவந்து இறக்கினார்! கிரேமரிடம் பேசிப் பார்த்தார்; கிரேமர் மசியவில்லை. "சரி, நாமே ஒரு பந்தயம் நடத்திவிட்டால் போயிற்று" என்ற முடிவுக்கு வந்தார். ஹூஸ்டன் ராக்கெட் கிளப்பில், லாஸ் ஏஞ்சலீஸ் பந்தயம் நடக்கிற அதே வாரத்தில்.

டென்னிஸ் சங்கத்தார் அனுமதி மறுத்தார்கள். அனுமதி இல்லாத பந்தயத்தில் ஆடினால் தள்ளி வைப்போம் என்றார்கள். இடம் கொடுத்த கிளப்புக்கும் ஆபத்து. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் அந்த ஒரு டாலர். பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வாரத்துக்கு 'உலக டென்னிஸ்' பத்திரிகையின் சம்பளத் தொழிலாளிகள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், சங்கத்தின் அதிகார எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்கள். ஒப்பந்தம் என்றால் கைமாறு இருக்க வேண்டும் என்பது வக்கீல்கள் நியாயம். ஒரு டாலரும் கைமாறுதானே!

பரிசுப் பணம் 5,000 டாலர் சேர்ந்திருந்தது. ஹெல்ட்மன் அம்மாள் தமது நண்பரும் பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியின் தலைவருமான ஜோஸப் கல்மனைப் பிடித்தார். அவர் இன்னும் 2,500 கொடுத்தார். பந்தயத்துக்கு 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்று அவருடைய புதுச் சிகரெட்டின் பெயர் சூட்டப்பட்டது. பெண்களுக்காகவே 1968-இல் வெளியிட்ட சிகரெட் அது. டெலிவிஷனிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் கூடாது என்று அமெரிக்காவில் 1970-இல்தான் சட்டம் செய்திருந்தார்கள். விளம்பரப் பணம் போவதற்கு வேறு வாய்க்கால் தேடிக்கொண்டிருந்த சமயம். மூச்சு வாங்க ஓட வேண்டிய ஆட்டத்துக்கு மூச்சைக் கெடுக்கிற புகையிலை அன்னதாதாவாக வந்தது! கண்ணியமான கம்பெனிகள் எதுவும் அப்போது முன்வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பணம் நல்ல பணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் அதை வாங்கியிருக்கக் கூடாது என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

கையெழுத்திட்டவர்கள் யார் யார்? பில்லி ஜீன் கிங், தீயணைப்புப் படைக்காரர் மகள், விம்பிள்டனை மூன்று தடவை வென்றவர். ரோஸி காஸல்ஸ், எல் ஸால்வடாரிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்த ஏழைக் குடும்பம், பொதுப் பூங்காவில் ஆடக் கற்றவர், ஐந்தடி இரண்டங்குலம். நான்ஸி ரிச்சி, டெக்ஸாஸ்காரி. 1968-இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றும் அமெச்சூர் என்பதால் பரிசை விட்டுவிட்டு வந்தவர். பீச்சஸ் பார்ட்கோவிட்ஸ், கிறிஸ்டி பிஜன், வாலெரி ஸீகன்பஸ், மூவரும் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். ஜூடி டால்ட்டன், கெர்ரி மெல்வில் என்ற இரு ஆஸ்திரேலியர்கள். பில்லி ஜீனுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. தள்ளி வைத்தாலும் ஜனங்கள் மறக்க மாட்டார்கள். மற்றவர்களை எண்ணிப் பாருங்கள்! இருபது வயதில் உலகத்துப் பெரிய பந்தயங்களின் கதவு அடைபடுமென்றால் அப்புறம் என்ன மிச்சம்? அதிலும் ஆஸ்திரேலியர் இருவரும் அந்நிய நாட்டில் நின்றுகொண்டு, சொந்த நாட்டுச் சங்கத்தின் தண்டனைக்கும் தலை நீட்டினார்கள். புகைப்படத்தில் அவர்கள் முகத்தைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பது வழக்கம்.

ஜூலி ஹெல்ட்மனுக்கு முழங்கையில் காயம். ஆட முடியாத நிலை. ஆனாலும் தோழிகள் தண்டனை பெறும்போது தான் மட்டும் நல்ல பிள்ளையாக இருப்பதா என்று, பில்லி ஜீனுடன் ஒரே ஒரு பாயிண்ட் ஆடினார். பந்தயத்தில் ஆடியவர் ஆகிவிட்டார் அல்லவா? தண்டனைக்கு அது போதும். தண்டனையை இப்படி வலியப் போய் வாங்கிக்கொண்டவர்களை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இறுதி ஆட்டம் காஸல்ஸுக்கும் டால்ட்டனுக்கும். டால்ட்டன் முதல் செட்டை 7-5 என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது செட்டில் குள்ளப் பெண் 6-1 என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது செட் இழுபறியாகி 7-5 என்று காஸல்ஸ் பக்கம் முடிந்தது. முதல் பரிசு 1,600 டாலர். லாஸ் ஏஞ்சலீஸில் ஜெயித்திருந்தால் கிடைத்திருப்பதைவிட நூறு டாலர் அதிகம்! யார் ஜெயிப்பார் என்று கடைசி கேம் வரையில் தெரியாத ஆட்டம். லாங்லெனுக்கு முப்பத்தெட்டு ஊரில் கிடைக்காதது ஹூஸ்டனில் கிடைத்தது.

சங்கங்கள் சொன்னபடி தள்ளி வைத்தன. ஆனால் 1971-இல் ஒரு பந்தயம் பத்தொன்பது பந்தயமாயிற்று. மொத்தப் பரிசு 3,09,100 டாலர். அன்று வராமல் நின்றவர்களில் சிலரும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் பில்லி ஜீன் லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். விளையாட்டில் எந்தப் பெண்ணும் அதற்குமுன் ஒரு வருஷத்தில் அவ்வளவு சம்பாதித்ததில்லை. ஜனாதிபதி நிக்ஸன் டெலிபோனில் கூப்பிட்டு வாழ்த்தினார். 1973 ஜூன் மாதம் லண்டனில் ஒரு ஹோட்டலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த வருஷமே அமெரிக்கப் பந்தயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு. விம்பிள்டன் கனவான்களுக்கு அந்த ஞானோதயம் உண்டாக 2007 வரை பிடித்தது.

1973 செப்டம்பரில், அதே ஹூஸ்டன் நகரத்தில், ஐம்பத்தைந்து வயது பாபி ரிக்ஸ் பில்லி ஜீனைச் சவாலுக்கு அழைத்துத் தோற்ற கதை எல்லோருக்கும் தெரியும். 30,472 பேர் நேரில் பார்த்தார்கள். பல்லக்கில் தூக்கி வந்தார்கள். பன்றிக் குட்டியைப் பரிசு கொடுத்தார்கள். அது பழைய சர்க்கஸ்தான். ரிக்ஸுக்குக் கைவந்த தொழில். சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்த இரவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முந்திய ராக்கெட் கிளப் பந்தயத்துக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பல்லக்கு ஊர்வலம் லாங்லென் காலத்திலேயே நடந்ததுதான். முதல் சுற்றில் தோற்றவளும் அடுத்த வாரம் அடுத்த ஊரில் ஆடலாம் என்ற ஏற்பாடு அதற்கு முன்னால் நடந்ததில்லை.

கிளாடிஸ் ஹெல்ட்மன் 2003 ஜூனில் காலமானார். ஆல்தியா கிப்ஸனும் அதே வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். ஹூஸ்டன் ஒப்பந்தம் நடந்தபோது கிப்ஸனுக்கு வயது நாற்பத்து மூன்று. 2021-இல் சர்வதேச டென்னிஸ் கீர்த்தி மண்டபத்தில் ஒன்பது பேரையும் ஒரே கோஷ்டியாகச் சேர்த்தார்கள். கிங், காஸல்ஸ், ரிச்சி மூவருக்கும் அங்கே முன்னமே இடம் இருந்தது. மற்ற ஆறு பேர் அப்போதுதான் உள்ளே போனார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான கெர்ரி மெல்வில், எந்த நாட்டுச் சங்கம் தம்மைத் தள்ளி வைத்ததோ அந்த ஆஸ்திரேலியாவின் தேசியப் பட்டத்தை 1977 ஜனவரியில் ஜெயித்தார்.